நஞ்சும் மருந்தும்: ஆராய்ச்சியாளனின் அறம் பற்றிச் சில சிந்தனைகள்

விஞ்ஞானிக்குரிய அறம் யாது என்று வினவினால் பெரும்பாலோர் தரும் விடை ஒன்றே. அவன் உண்மை பேச வேண்டும். கண்டதைக் கண்டவாறு எழுத வேண்டும். காணாததைக் கண்டதாகக் கூறலாகாது. இவ்வளவும் செய்தால் அவன் கடமை முடிந்தது. எதனை ஆராய்வது என்பது அவனது விருப்பம். ஆராய்ந்து கண்டதனை யார் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பது அரசியல்வாதியும் வியாபாரியும் பார்த்துக்கொள்ள வேண்டிய விடயம். இக்கருத்து நமது பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விவாதத்துக்கு அப்பாற்பட்டதொன்றாகவே ஏறக்குறைய ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. இது எத்துணை தூரம் பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெறும் தத்துவச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வினாவை ஆராயப் புகுந்தால் நாம் வெகுதூரம் செல்ல முடியாது. ஆகவே ஒரு குறிப்பிட்ட துறையை எடுத்துக்கொள்வோம். இன்று உலகிலே மனிதரை அதிகமாகப் பலிகொள்வது இருதயத்தையும் குருதிக் குழாய்களையும் பற்றிய நோயேயாகும். ஆண்டொன்றுக்கு 1 கோடி 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதனால் இறக்கின்றனர். இது செல்வந்தரின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. ஆனால் இம்மரணங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை வருமானங் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலுமே நிகழ்கின்றன. இந்நோய்க்கும் அழற்சிக்கும் உள்ள தொடர்பு பற்றியும், ஒரு செடியிலிருந்து பெறப்படும் மருந்து பற்றியும் அண்மைக் காலத்தில் நடந்த ஆராய்ச்சிகள் நமது வினாவுக்கு நல்லதோர் உரைகல்லாக அமைகின்றன.

1913ஆம் ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானியான நிக்கொலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி, அவற்றின் நாடிச் சுவர்களில் மனிதரிடம் காணப்படுவது போன்ற கொழுப்புப் படிவுகள் தோன்றுவதைக் காட்டினார். இக்கண்டுபிடிப்பு மகத்தானது. எனினும் பிற்காலத்தில் பலர் இதனை மிக எளிமைப்படுத்திக்கொண்டனர். நீர்க் குழாயிற் களிம்பு பிடிப்பது போல நாடியிற் கொழுப்புப் பிடிக்கின்றது, குழாய் அடைபட்டதும் மனிதன் இறக்கின்றான் என்பதே பொதுமக்கள் மனத்திற் பதிந்த சித்திரம்.

மனிதனது நாடி இரும்புக் குழாயன்று. உயிருள்ள கலங்களால் ஆன சுவர் அது. கொழுப்பு அச்சுவரினுள்ளே புகும்போது, உடல் அதனை ஓர் ஊறாகக் கொண்டு வெண்குருதிக் கலங்களை அவ்விடத்துக்கு அனுப்புகின்றது. அவை கொழுப்பை விழுங்கி, வீங்கி, அங்கேயே மடிகின்றன. மடியுமுன் மேலும் பல கலங்களை வரவழைக்கும் இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. முள் தைத்த விரல் சிவந்து வீங்குவதும் இதே செயலின் விளைவே. விரலிலே சில நாட்களில் தணிந்துவிடும் அழற்சி, நாடிச் சுவரிலே பல்லாண்டுகள் தணியாது கனன்றுகொண்டிருக்கின்றது. ஈற்றில் ஒருநாள் படிவின் மேலுறை கிழிந்து, அவ்விடத்திலே குருதி உறைந்து வழியை அடைத்துவிடுகின்றது. பெரும்பாலான மாரடைப்புகள் இவ்வாறே ஏற்படுகின்றன.

இக்கருத்தின் வேர் பழையது. ஜேர்மானிய மருத்துவ அறிஞரான றுடோல்ப் விர்ஹோ 1850களிலேயே நாடித் தடிப்பினை அழற்சியின் விளைவாக விளக்கியிருந்தார். ஆனால், அழற்சியைத் தணித்தால் மாரடைப்புக் குறையுமா என்ற வினாவுக்கு மனிதரிடையே நடத்தப்பட்ட பெரும் பரிசோதனையொன்றின் மூலம் தெளிவான விடை கிடைத்தது 2017ஆம் ஆண்டிலேயே. அமெரிக்க மருத்துவரான போல் றிட்கர் தலைமையில் நடைபெற்ற அப்பரிசோதனையில், முன்னர் மாரடைப்பு ஏற்பட்ட 10,061 நோயாளர் பங்குபற்றினர். கொலஸ்திரோலின் அளவைச் சற்றேனும் மாற்றாது, அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளை மட்டும் தடுக்கும் ஊசிமருந்து அவர்களுட் பலருக்குக் கொடுக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் பெற்றவர்களிடையே மாரடைப்பு முதலான விளைவுகள் 15 சதவீதம் குறைந்தன. அதே வேளையில், உயிரைப் போக்கும் தொற்றுநோய்கள் சற்று அதிகரித்தன. மொத்த மரணங்களின் தொகையும் குறையவில்லை. ஆயினும் கொள்கை நிறுவப்பட்டுவிட்டது.

அப்பரிசோதனையை நடத்தப் பணம் கொடுத்தது நொவார்ட்டிஸ் என்ற பெருங் கம்பனி. மருந்தின் ஆக்கவுரிமையும் அதனுடையதே. சில அரிய நோய்களுக்காக அம்மருந்து அமெரிக்காவிலே அப்போது விற்கப்பட்ட விலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் டொலர். இருதய நோய்க்கு அதனைப் பயன்படுத்த அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதி வழங்க மறுத்தது. ஆகவே, உண்மை வெளிப்பட்டது. ஆனால் அவ்வுண்மையினால் நோயாளியின் கைக்கு ஒரு மருந்தும் வந்து சேரவில்லை.

இனி, நாம் குறிப்பிட்ட செடிக்கு வருவோம். ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் இலையுதிர் காலத்தில் மலரும் ஒருவகைப் பூஞ்செடியின் கிழங்கு, மூட்டுவாதத்தின் கொடிய வடிவங்களுள் ஒன்றாகிய கௌட் நோய்க்கு மருந்தாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. கி. பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திராலெஸ் நகரத்து அலெக்சாந்தர் என்ற கிரேக்க மருத்துவர் இப்பயன்பாட்டைப் பதிவுசெய்துள்ளார். 1820இல் பிரெஞ்சு இரசாயன அறிஞரான பெலெற்றியேயும் கவாந்துவும் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அதற்குக் கொல்கிசின் என்ற பெயர் வழங்கலாயிற்று. இதே பொருள் நமக்கு நன்கு அறிமுகமான மற்றொரு செடியிலும் உண்டு. சங்கப் புலவர் காந்தள் என்று போற்றியதும், ஈழத்திலே நாம் கார்த்திகைப் பூ என்று அழைப்பதும், தமிழ்நாட்டு விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்று பயிரிடுவதும் அச்செடியே. அதன் கிழங்கு உயிரைக் கொல்லும் நஞ்சு என்பதை நமது கிராமத்தவர் எவரும் அறிவர்.

ஒரே பொருள் நஞ்சாகவும் மருந்தாகவும் இருப்பது எங்ஙனம்? நமது உடற் கலங்களின் உள்ளே சட்டகம் போன்றும் பாதை போன்றும் நுண்ணிய குழல்கள் அமைந்துள்ளன. அவற்றைக் கட்டுவதற்கு வேண்டிய புரதத்தைக் கொல்கிசின் பற்றிப் பிடித்துக்கொள்கின்றது. அதனால் அழற்சியுள்ள இடத்தை நோக்கி விரையும் வெண்குருதிக் கலங்களின் வேகம் தளர்கின்றது. அழற்சியைப் பெருக்கும் இரசாயனச் சங்கிலியும் தடைப்படுகின்றது. அளவு மிகும்போது இதே செயல், இடையறாது பெருகவேண்டிய குடற் கலங்களையும் எலும்பு மச்சையின் கலங்களையும் பெருகவிடாது தடுத்து, மனிதனைக் கொல்கின்றது. நஞ்சையும் மருந்தையும் பிரிக்கும் கோடு செடியில் வரையப்பட்டிருக்கவில்லை. மனிதனது உழைப்பும் அறிவுமே அக்கோட்டினை வரைந்தன.

நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கொல்கிசின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்து மருத்துவர் சிலர் வினவினர். 532 நோயாளரிடையே அவர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தது. அது நம்பிக்கை ஊட்டியது. பின்னர் கனடாவின் மொன்றியல் நகரைத் தலைமையாகக் கொண்டு 4,745 நோயாளரிடையே நடந்த பரிசோதனையில் (2019), தீய விளைவுகள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்தன. அவுஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் 5,522 பேரிடையே நடந்த பரிசோதனையில் (2020), 9.6 சதவீதம் 6.8 சதவீதமாயிற்று. ஆனால் 2024இல் வெளிவந்த, 7,062 பேர் பங்குபற்றிய பெரும் பரிசோதனையோ, 9.3 சதவீதத்துக்கும் 9.1 சதவீதத்துக்கும் இடையிலான அற்ப வேறுபாட்டை மட்டுமே கண்டது. இவ்விரண்டு முடிவுகளையும் ஒருங்கே கூறாதவர் உண்மையின் பாதியை மறைத்தவராவர். எவ்வகை நோயாளருக்கு, எக்கட்டத்தில் இம்மருந்து உதவும் என்ற விவாதம் முடிந்துவிடவில்லை.

இங்கே ஒரு வினா எழுகின்றது. கொல்கிசின் அழற்சியைத் தணிக்கும் என்பது புதிய செய்தியன்று. மத்தியதரைக் கடற் பிரதேசத்து மக்களிடையே பரம்பரையாக வரும் ஓர் அழற்சி நோயை அது கட்டுப்படுத்தும் என்பது 1972இலேயே தெரிந்திருந்தது. நாடித் தடிப்பிலே அழற்சிக்குப் பங்கு உண்டு என்ற கருத்தும் இருபதாம் நூற்றாண்டு முடியுமுன் நன்கு வலுப்பெற்றிருந்தது. இவ்விரண்டையும் இணைத்து வினவுவதற்கு இத்தனை ஆண்டுகள் ஏன் கழிய வேண்டும்?

பல காரணங்கள் கூறப்படலாம். அவற்றுள் ஒன்றை மறுத்தல் அரிது. கொல்கிசின் எவருக்கும் சொந்தமில்லாத பழைய மருந்து. சில சதங்களுக்கு வாங்கக்கூடியது. ஆயிரக்கணக்கான நோயாளரைப் பல்லாண்டுகள் கவனித்து நடத்த வேண்டிய பரிசோதனைக்குக் கோடிக்கணக்கிற் பணம் தேவை. ஆக்கவுரிமை உள்ள மருந்துக்காக அப்பணத்தைச் செலவிடும் கம்பனி, இலாபம் தராத மருந்துக்காக அதனைச் செலவிட முன்வராது. அது ஒரு தனிமனிதனின் தீய குணத்தால் விளைவதன்று. இலாபத்தின் பொருட்டு இயங்கும் உற்பத்தி முறையின் இயல்பே அது. மொன்றியற் பரிசோதனைக்குக் கியூபெக் அரசாங்கமும், அவுஸ்திரேலியப் பரிசோதனைக்கு அந்நாட்டின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிச் சபையும் பணம் வழங்கியோருள் முக்கியமானவை என்பது தற்செயலான செய்தியன்று. மலிவான மருந்தைப் பற்றிய வினாவைப் பொதுப் பணமே கேட்கவைத்தது.

இதற்கு மறுதலையாக நிகழ்ந்ததனையும் காண்போம். அமெரிக்காவிலே கொல்கிசின் குளிசை ஒன்று ஏறக்குறைய 9 சதத்துக்கு விற்கப்பட்டு வந்தது. நெடுங்காலமாக முறையான அனுமதியின்றி விற்கப்பட்டு வந்த மருந்துகளை ஒழுங்குபடுத்தும் நோக்குடன் அரசாங்கம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அவ்விதிகளின்படி, யூ. ஆர். எல். பார்மா என்ற கம்பனி சிறிய பரிசோதனையொன்றைக் கௌட் நோயாளரிடையே நடத்தி, 2009இல் சில ஆண்டுகளுக்குத் தனியுரிமை பெற்றது. மற்றையோரின் குளிசைகள் சந்தையிலிருந்து நீக்கப்பட்டன. 9 சதக் குளிசை 4 டொலர் 85 சதமாயிற்று. அலெக்சாந்தரின் காலத்திலிருந்து எத்தனையோ தலைமுறைகள் சேர்த்துவைத்த அறிவு ஒரே நாளில் ஒருவரின் வேலிக்குள் அடைக்கப்பட்டது. இதிலே எவரும் பொய் உரைக்கவில்லை. பரிசோதனை முடிவு எதுவும் திரிக்கப்படவில்லை. உண்மை பேசுதல் ஒன்றே விஞ்ஞானத்தின் அறம் என்போர் இந்நிகழ்ச்சியிற் குறை காண இயலாது. அக்கொள்கையின் போதாமைக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆயின், உண்மை பேசுதல் அற்பமான கடமை என்று நாம் கருதிவிடலாகாது. முற்போக்காளர் சிலர் பெருங் கம்பனிகளின் மீதுள்ள நியாயமான வெறுப்பினால், இயற்கைப் பொருள் என்றும் நாட்டு மருந்து என்றும் கூறப்படுவன அனைத்தையும் ஆராயாமலே ஆதரிக்கத் தலைப்படுகின்றனர். இது நேர்மாறான தவறு. திராட்சைத் தோலிலே காணப்படும் றெஸ்வெரற்றோல் என்ற பொருள் இருதயத்தைக் காக்கும் என்று பல ஆண்டுகளாகப் பெரும் ஆரவாரம் எழுப்பப்பட்டது. இத்துறையிற் பல கட்டுரைகளை வெளியிட்ட பேராசிரியர் ஒருவரின் வேலைகளை அமெரிக்காவின் கனெற்றிக்கட் பல்கலைக்கழகம் மூன்றாண்டுகள் விசாரணை செய்தது. 145 இடங்களிலே தரவுகள் புனையப்பட்டும் திரிக்கப்பட்டும் இருந்தமையை அப்பல்கலைக்கழகம் 2012இல் அறிவித்தது. இயற்கைப் பொருள் என்ற பெயர் பொய்யினைத் தடுத்து நிறுத்தவில்லை. இயற்கை மருந்துகளை விற்பதும் இன்று பெரும் வாணிபமே. அங்கும் முதலாளியின் கணக்கேடு உண்டு. காந்தட் கிழங்கும் இயற்கைப் பொருளே என்பதனை நினைவிற் கொண்டால் போதும், இம்மயக்கம் தெளிந்துவிடும்.

இவ்விடத்தில் வில்லியம் விதறிங் என்ற ஆங்கில மருத்துவரின் முன்மாதிரியைக் குறிப்பிடுதல் தகும். நீர் கோத்து உடல் வீங்கும் நோய்க்குச் சுரொப்சயர்ப் பகுதியிலே மூதாட்டி ஒருத்தி கொடுத்து வந்த மூலிகைக் கலவையைப் பற்றி அவர் 1775இல் அறிந்தார். இருபதுக்கு மேற்பட்ட பச்சிலைகளைக் கொண்ட அக்கலவையிலே செயலாற்றுவது டிஜிற்றாலிஸ் செடி ஒன்றே என்பதனை உய்த்துணர்ந்தார். பின் பத்து ஆண்டுகள் அதனை நோயாளரிடம் பரிசோதித்து, 1785இல் நூலாக வெளியிட்டார். குணமடைந்தவர்களை மட்டுமன்றி, குணமடையாதவர்களையும், மருந்தின் அளவு மிகுந்தமையால் துன்புற்றவர்களையும் அந்நூலிலே அவர் பதிவு செய்தார். மக்களின் அறிவை இகழாமலும், அதனை வழிபடாமலும், சோதித்து ஏற்கும் மனப்பாங்கு இது. ஆனால் அம்மூதாட்டியின் பெயரை அந்நூல் நமக்குக் கூறவில்லை. அறிவைப் பேணிக் காத்த சாதாரண மக்களுக்கு வரலாறு வழங்கிவரும் இடம் அதுவே.

காந்தள் விடயத்திலும் இதனை நாம் காணலாம். தமிழ்நாட்டிலே திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் இச்செடி பயிரிடப்படுகின்றது. பந்தல் கட்டிக் கொடியை ஏற்றி, பூக்கும் பருவத்திலே காலைதோறும் மலர் மலராகக் கையினால் மகரந்தம் சேர்த்து, விவசாயிகளும் கூலியாட்களும் விதையைப் பெறுகின்றனர். விதை கொல்கிசின் எடுப்பதற்காகக் கடல் கடந்து செல்கின்றது. அதன் விலையை நிர்ணயிப்பவர் வியாபாரிகள். விலை சரியும் ஆண்டுகளில், அரசாங்கமே விலை நிர்ணயிக்க வேண்டுமென்று விவசாயிகள் கோரி வந்துள்ளனர். நியூயோர்க்கிலே 4 டொலர் 85 சதத்துக்கு விற்கப்பட்ட குளிசைக்கும், காலை வெயிலிலே மலரைத் தொட்டு நின்ற கைக்கும் உள்ள தூரம் பூகோள நூலில் அளக்கப்படும் தூரமன்று.

இனி வேறொரு தரப்பினரின் வாதத்தை நோக்குவோம். ‘இருதய நோய் சமுதாயத்தின் நோய், சமுதாயத்தை மாற்றாமற் குளிசையைப் பற்றிப் பேசுவது வீண்’ என்று கூறுவோர் உளர். இவ்வாதத்திலே பேருண்மை ஒன்று அடங்கியுள்ளது. லண்டனிலே அரசாங்க உத்தியோகத்தரிடையே 1967இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. 17,000க்கு மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் அவதானித்து, மைக்கல் மாமற் முதலானோர் அதன் முடிவுகளை 1978இல் வெளியிட்டனர். மிகத் தாழ்ந்த பதவியிலிருந்த சிற்றூழியர்கள், மிக உயர்ந்த பதவியினரிலும் பார்க்க மூன்று மடங்குக்கு மேலாக இருதய நோயால் இறந்தமை தெரியவந்தது. புகைத்தல், குருதியமுக்கம், கொலஸ்திரோல் ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி விளக்கமின்றி எஞ்சி நின்றது. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்விலோ, அழற்சியைக் காட்டும் புரதங்கள் கீழ்ப்பதவியினரின் குருதியில் அதிகமாக இருந்தமை கண்டறியப்பட்டது. தன் வேலையின் மீது தனக்கே அதிகாரமில்லாத மனிதனின் நிலை, அவனது நாடிச் சுவர் வரை சென்று பதிகின்றது எனலாம்.

ஆயினும் இதிலிருந்து பெறத்தக்க முடிவு, குளிசை வேண்டாம் என்பதன்று. இன்று மாரடைப்புற்று வைத்தியசாலையிற் கிடக்கும் தொழிலாளியிடம், நல்ல சமுதாயம் வரும்வரை பொறுத்திருக்கும்படி கூற நமக்கு என்ன உரிமை உண்டு? நாடியிலே அழற்சியைக் கண்ட விர்ஹோவே இதற்கு வழிகாட்டி. 1848இல் மேற்சிலேசியாவிற் பரவிய கொள்ளைநோயை ஆராய்ந்துவருமாறு பிரஷ்ய அரசாங்கம் அவரை அனுப்பியது. இருபத்தாறு வயதினரான அவர், அம்மக்களுக்கு வேண்டிய மருந்து பூரண ஜனநாயகமும், கல்வியும், சுபீட்சமுமே என்று அறிக்கை எழுதினார். அதன் பின் ஆய்வுகூடத்தை அவர் துறந்துவிடவில்லை. கலங்களைப் பற்றிய அவரது பெரும் ஆராய்ச்சிகள் அதன் பின்னரே வெளிவந்தன. நுணுக்குக்காட்டியும் சமுதாய நோக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதனை அவரது வாழ்க்கை உணர்த்துகின்றது.

இவ்வாறு நோக்குமிடத்து, ஆராய்ச்சியாளனின் அறம் மூன்று நிலைகளிற் செயற்படுவதை நாம் காணலாம். கண்டதை உள்ளவாறு கூறுதல் முதல் நிலை. எவ்வினாவைக் கேட்பது, எவரது துன்பத்தை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது என்று தெரிந்தெடுத்தல் இரண்டாவது நிலை. கண்டறிந்தது எவர் கையைச் சென்றடைகின்றது என்பதிற் பொறுப்பேற்றல் மூன்றாவது நிலை. முதலாவது இல்லையேல் மற்றிரண்டும் வெறும் பிரசாரமாகிவிடும். மற்றிரண்டும் இல்லையேல் முதலாவது, விலைபேசப்படும் திறமையாக மட்டும் எஞ்சும்.

ஆனால் இரண்டாவது மூன்றாவது நிலைகளைத் தனி ஆராய்ச்சியாளனின் தலைமீது மாத்திரம் சுமத்துதல் நியாயமன்று. சம்பளமும் கருவியும் பணமும் பிறர் கையில் இருக்கும்போது, அவன் விரும்பிய வினாவைக் கேட்க அவனால் முடிவதில்லை. அவனது அறத்துக்கு இடமளிக்கும் நிறுவனங்களைச் சமுதாயமே கட்டியெழுப்ப வேண்டும். இது கனவன்று, நமது நாட்டிலேயே அதற்கு முன்னுதாரணம் உண்டு. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலை, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து மருந்துக் கொள்கை பற்றி அறிக்கை தயாரித்தார். 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது பிபிலையே அதன் முதற் தலைவரானார். அவசியமான மருந்துகளை மட்டும் தெரிந்து, வியாபாரப் பெயர்களை விடுத்துப் பொதுப் பெயர்களாலே அவற்றை வழங்கி, உலகச் சந்தையிலே கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்குவது அவரது திட்டம். பெருங் கம்பனிகள் அதனைக் கடுமையாக எதிர்த்தன. ஒரு மருந்தியலறிஞர் தமது அறிவு எவருக்காக என்ற வினாவைக் கேட்டுவிட்டால், அதன் விடை ஆய்வுகூடத்தின் எல்லையைக் கடந்து நாட்டின் பொருளாதாரத்தைத் தொடும் என்பதனை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டியது.

விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியரும் அதனைக் கற்கும் மாணவரும் இனிமேல் ஒரு மருந்தைப் பற்றிக் கேள்வியுறும்போது, அது எவ்வாறு செயற்படுகின்றது என்று வினவுவதோடு அமைதல் போதாது. அதன் உண்மை எவ்வாறு சோதிக்கப்பட்டது, அச்சோதனைக்குப் பணம் கொடுத்தவர் யார், அதனை விளைத்தவருக்குக் கிடைத்தது என்ன, அதனை வாங்க முடியாதவர் எத்தனை பேர் என்றும் வினவுதல் வேண்டும். இவை அரசியல் வினாக்கள், விஞ்ஞான வினாக்களல்ல என்று வகுப்பறையிலே ஒருவர் தடுத்தால், 9 சதம் 4 டொலர் 85 சதமான கதையை அவருக்கு எடுத்துரைத்து, இது எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று கேட்கலாம்.